டாப்சன் தொலைநோக்கியின் பீடத்தைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடிதான், எங்கள் பக்கம் இப்படிச் சொல்வோம்) ஓர் 8 அங்குல டாப்சன் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களில் சொந்தமாக ஒன்று வைத்திருப்பவர்கள் சனியின் வளையத்தைப் பார்த்து முடித்ததும் அடுத்துக் கேட்பது, "உங்களுடையது மட்டும் எப்படி இவ்வளவு லேசாகத் திரும்புகிறது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும் அதன் கிளைகளுக்கும் நான் சொல்லி வந்த பதில்கள் இவை. கண்ணாடி, ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பற்றி இதில் ஒன்றும் இல்லை. கீழே இருக்கும் மரப்பெட்டி மட்டும்.

டாப்சன் பீடத்தில் எதற்கு என்ன பெயர்?

தரையில் மூன்று கால்களோடு இருப்பது அடிப்பலகை. அதன்மேல் இடம் வலமாகச் சுற்றுவது சுழல்பலகை. சுழல்பலகையின் மேல் இரண்டு பக்கப் பலகைகளும் ஒரு முன்பலகையும் சேர்ந்து தொட்டில் மாதிரி நிற்கும். குழாயின் இரு பக்கமும் உள்ள வட்டக் காதுகள் அந்தத் தொட்டிலில் உட்கார்ந்து மேலும் கீழும் உருளும். பீரங்கி வண்டியைப் பார்த்திருந்தால் இதுவும் புரிந்துவிடும்.

இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன் 1915இல் பீஜிங்கில் பிறந்தவர். 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். மடத்துக்குத் தெரியாமல் பழைய கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். அந்தப் பித்தினாலேயே 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. மறு வருடம் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கினார். கையில் கிடைத்த மரமும் அட்டைக் குழாயும்தான் அவருடைய சரக்கு. அதனால் இந்தப் பெட்டியில் கை வைக்க நாம் பயப்பட வேண்டியதில்லை. கை வைப்பதற்காகவே பிறந்த பெட்டி இது.

அண்ணாச்சி, தள்ளினால் முதலில் அசைய மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் துள்ளிப் போய் வியாழன் காணாமல் போய்விடுகிறது. எங்கே கோளாறு?

பத்தில் எட்டுப் பேர் கேட்பது இதுதான். கோளாறு பெரும்பாலும் அடிப்பலகைக்கும் சுழல்பலகைக்கும் நடுவில் இருக்கும்.

ஓய்வாக நிற்கும் பொருளை அசைக்க ஒரு விசை வேண்டும். அசைந்த பிறகு நகர்த்திக்கொண்டிருக்க வேறு ஒரு விசை வேண்டும். முதலாவது மிக அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருந்தால், அசையும் வரை நீங்கள் சேர்த்து வைத்த பலம் முழுவதும் ஒரே துள்ளலாக வெளியே வரும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் குழாய் பைய நகரும், விட்ட இடத்தில் நிற்கும். நாம் செய்யப்போகிற எல்லா வேலையும் இந்த இரண்டையும் சமமாக்குவதற்குத்தான்.

200 மடங்கு பெருக்கத்தில் ஒரு சாதாரண ஐபீஸில் தெரியும் வானம் கால் பாகை அகலம். பூமி சுற்றும் வேகத்தில் வியாழன் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது தொட்டு நகர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் துள்ளினால் இரவு முழுவதும் தேடுவதிலேயே போய்விடும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இதற்கு இவ்வளவு அழுத்தம் இருக்காது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. அதனால் நமக்குப் பிடித்த பொருட்கள் பாதி உச்சந்தலைக்கு மேலே போகும். திருவோண நட்சத்திரம் கிட்டத்தட்ட நேர் உச்சியைக் கடக்கும். திருவாதிரை உச்சிக்கு ஒன்றேகால் பாகை தள்ளிப் போகும். ஓரியன் நெபுலாவும் பெரும்பாலான வருடங்களில் வியாழனும் அந்தப் பக்கத்தில்தான். குழாய் படுத்திருக்கும்போது அதன் வாயைப் பிடித்துத் தள்ளினால் நடு அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் தள்ளுகிறோம். அதே குழாய் 80 பாகைக்கு நிமிர்ந்தால் அந்தத் தூரம் சுமார் 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கதவைக் கைப்பிடியில் பிடித்துத் தள்ளுவதற்கும் கீல் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஏறக்குறைய ஆறு மடங்கு பலம் போட வேண்டும். லண்டன்காரர் ஓரியனைத் தெற்கே பாதி உயரத்தில் பார்க்கிறார், அவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால்தான் நான் எப்போதும் சுழல்பலகையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

காசில்லாத ஒரு வைத்தியமும் உண்டு. உச்சிப் பக்கம் பார்க்கும்போது குழாயைத் தள்ளாமல் தொட்டிலின் பக்கப் பலகையைத் தள்ளுங்கள். வசதியாக வேண்டும் என்றால் ஓர் அடி நீள மரக்கட்டையையோ பழைய கதவுக் கைப்பிடியையோ பக்கப் பலகையில் வெளியே நீட்டி முறுக்கி வையுங்கள். குழாய் எவ்வளவு நிமிர்ந்தாலும் அந்தக் கட்டையின் நீளம் குறையாது. என் பீடத்தில் நான் செய்த வேலைகளிலேயே செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான்.

நடு போல்ட்டை எவ்வளவு முறுக்குவது?

பெட்டியில் வந்த படத்தைப் பார்த்து பலமாக முறுக்கியிருப்பீர்கள். கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், அப்புறம் இன்னொரு கால் சுற்று. அந்த போல்ட் பலகை நழுவாமல் நடுவில் பிடித்து நிற்பதற்கு மட்டும்தான். இரண்டு பலகைகளையும் அமுக்குவது அதன் வேலை கிடையாது. ஆனால் போல்ட் ஓட்டையில் லொடலொடவென்று ஆடக் கூடாது. ஓட்டை பெரிதாக இருந்தால் சிறிய பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே செருகுங்கள். நட் தானாகக் கழன்றுகொண்டே வந்தால் உள்ளே நைலான் வளையம் உள்ள நட் வாங்கிப் போடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி வைக்கலாம் என்றார்களே, அது என்ன?

நல்ல தந்திரம், அரை மணி நேர வேலை. ஐஸ்கிரீம் டப்பா மூடி, எண்ணெய் கேன் மாதிரி மெல்லிய, வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டங்கள் வெட்டுங்கள். நடுவில் போல்ட் நுழையும் அளவு ஓட்டை. பலகைகளைப் பிரித்து நடு போல்ட்டைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கு உயர உயர, ஓரத்தில் உள்ள மூன்று தாங்கு துண்டுகள் சுமக்கும் எடையில் கொஞ்சம் நடுவுக்கு வந்துவிடும். நடுவில் உரசினால் திருப்புவதற்கு அவ்வளவு பலம் தேவைப்படாது.

ஒவ்வொரு வட்டமாகச் சேர்த்துக்கொண்டே குழாயை ஏற்றித் திருப்பிப் பாருங்கள். விரல் நுனியால் தொட்டதும் நகர்ந்து, கையை எடுத்ததும் நின்றால் சரி. காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தாலோ பலகை சீசா மாதிரி ஆடினாலோ அடுக்கு கூடிவிட்டது, ஒன்றை எடுத்துவிடுங்கள். எனக்கு மூன்று வட்டம் சரியாக வந்தது. உங்களுக்கு இரண்டோ ஐந்தோ ஆகலாம்.

டெஃப்லான், மைக்கா என்கிறார்கள். எந்த அளவு? எங்கே கிடைக்கும்?

நிற்கும்போதும் நகரும்போதும் உரசல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் ஜோடி என்றால், டெஃப்லான் துண்டும் அதன்மேல் சொரசொரப்பான மைக்காவும்தான். தொலைநோக்கி செய்பவர்கள் பல வருடமாக நம்புவது இதைத்தான். கடையில் வாங்கிய பீடங்களில் டெஃப்லானுக்குப் பதில் கட்டியான நைலானும், மைக்காவுக்குப் பதில் வழவழப்பான வெள்ளைப் பலகையும் இருக்கும். பார்க்க அழகு. ஆனால் வழவழப்புதான் அங்கே எதிரி. பளபள மைக்காவில் டெஃப்லான் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். சிறு சிறு மேடு பள்ளம் உள்ள, கல் மாதிரி தோற்றமுள்ள மைக்காவைக் கேளுங்கள். சமையலறை அலமாரி செய்யும் ஆசாரியிடம் வெட்டிப்போட்ட துண்டுகள் நிச்சயம் இருக்கும். 50 சென்டிமீட்டர் வட்டத்துக்கு முழு ஷீட் வாங்காதீர்கள். எனக்கு ஒரு டீ செலவில் கிடைத்தது. டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார், அது வேறு கதை.

டெஃப்லான் ஷீட் பெரிய ஊர்களில் ரப்பர், கேஸ்கட் விற்கும் கடைகளில் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். குழாய் ஒட்டுபவர்கள் சுற்றும் வெள்ளை டேப் இதற்கு ஆகாது. கிடைக்கவே இல்லை என்றால் காய்கறி வெட்டும் கட்டியான பிளாஸ்டிக் பலகையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். டெஃப்லான் அளவுக்கு வராது, ஆனால் கடையோடு வந்த நைலானைவிட மோசமாக இருக்காது.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர சென்டிமீட்டர் டெஃப்லான் மேல் ஏறக்குறைய ஒரு கிலோ எடை உட்கார்ந்தால் ஓட்டம் நன்றாக இருக்கும். குழாயும் தொட்டிலும் சேர்ந்து 20 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 20 சதுர சென்டிமீட்டர் வேண்டும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சதுரம். பெரிதாக வைத்தால் நல்லது என்று உள்ளங்கை அகலத்துக்கு வைக்கிறவர்கள் உண்டு. தேவையில்லை.

மூன்று துண்டுகளும் அடிப்பலகையின் மூன்று கால்களுக்கு நேர் மேலே வர வேண்டும். கால் ஓர் இடத்திலும் துண்டு வேறு இடத்திலும் இருந்தால் எடை தாங்காமல் பலகை வளையும், வளைந்தால் எல்லாமே ஆடும். டெஃப்லானில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சின்ன ஆணியையோ திருகாணியையோ தலை முழுவதும் உள்ளே இறங்கும்படி பள்ளம் எடுத்து அடியுங்கள். தலை வெளியே தெரிந்தால் மைக்காவில் வட்டமாகக் கோடு போட்டுவிடும். மைக்காவைச் சுழல்பலகையின் அடிப்பக்கம் ரப்பர் பசையால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கிக்கொண்டே போனால் காற்றுக் குமிழி நிற்காது.

எண்ணெய், கிரீஸ், கேரம் பவுடர்?

எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். செம்மண் புழுதி ஒரு வாரத்தில் அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். கேரம் பவுடரை நானே போட்டுப் பார்த்தேன். முதல் நாள் சொர்க்கம், மார்கழிப் பனியில் மறுநாள் களி. கார் மெழுகை மைக்காவில் லேசாகத் தேய்த்து, காய்ந்ததும் துணியால் துடைத்து எடுங்கள். ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இதெல்லாம் எதற்கு, ஒரு பால் பேரிங் வளையம் வாங்கிப் போட்டால் முடிந்ததே?

வட்டச் சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டியைச் சுற்றி அனுப்பும் தட்டுக்கு அடியில் இருக்குமே, அந்த வளையத்தைத்தான் சொல்கிறீர்கள். போடலாம். ஆனால் உரசலே இல்லாமல் போனால் தொலைநோக்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆனியிலிருந்து ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று காற்றாலைக்காரர்களைக் கேளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பேரிங் வைத்த டாப்சன் நீங்கள் ஐபீஸ் மாற்றும் நேரத்துக்குள் முதுகைக் காட்டி நிற்கும். ஏற்கெனவே உங்கள் பீடம் பேரிங்கோடு வந்திருந்தால் நடு போல்ட்டை இறுக்கி, இடையில் ஒரு துண்டு கம்பளித் துணி வைத்து உரசலைக் கூட்டுங்கள்.

கனமான ஐபீஸ் போட்டதும் குழாய் தலைகுப்புறக் கவிழ்கிறது.

தாழ்வாகப் பார்க்கும்போதுதான் கவிழும், கவனித்திருப்பீர்கள். முன்பாரம் குழாய் படுக்கப் படுக்கத்தான் தன் வேலையைக் காட்டும். நம் ஊரில் தெற்கே தாழ்வாகப் பார்க்க அருமையான பொருட்கள் இருப்பதால் இதை விட்டுவிட முடியாது. அகத்திய நட்சத்திரம் அதிகபட்சம் இருபத்தெட்டரை பாகைதான் ஏறும். பொதிகை மலைக்காரர்கள் அவரைப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஒமேகா சென்டாரி என்ற கோள்வடிவ நட்சத்திரக் கொத்து 34 பாகை. ஐரோப்பாக்காரர் பெரும்பாலோருக்கு எட்டாத அந்தக் கொத்தை வைகாசியில் நாம் நின்றபடி பார்க்கலாம்.

குழாய் இரும்புத் தகடு என்றால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் போதும். பின்பக்கம், கண்ணாடி இருக்கும் கோடிக்கு அருகில் ஒட்டுங்கள். ஐபீஸ் மாற்றினால் காந்தத்தை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். பெயின்ட் உரியாமல் இருக்க அடியில் ஒரு துணி ஒட்டுங்கள். பக்கத்தில் போனை வைத்துத் திசைகாட்டி பார்க்காதீர்கள், வடக்கு தெற்காகும். அட்டைக் குழாய் என்றால் ஆற்று மணலைத் துணிப்பையில் தைத்துப் பின்னால் கட்டலாம்.

ஸ்பிரிங் போட்டு இழுத்துப் பிடிக்கும் பீடங்களில் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குவது எளிய வழி மாதிரி தெரியும். இறுக்கினால் மேலும் கீழும் நகர்வதும் துள்ளும். முதலில் எடையைச் சமன்படுத்துங்கள்.

தொட்டால் படம் நடுங்குகிறது, அடங்க நேரம் ஆகிறது.

100 மடங்குக்கு மேல் வைத்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயை விரலால் தட்டுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் அடங்கினால் கவலையில்லை. ஐந்து வரை போனால் பலகை இணைப்புகளைப் பாருங்கள். பெட்டியில் வந்த திருகாணிகள் துகள்பலகையில் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். கழற்றி, மூலைகளில் மரப்பசை தடவி, உள்பக்கம் முக்கோணமாக வெட்டிய பிளைவுட் துண்டுகளை வைத்து முறுக்கினால் பெட்டி கல் மாதிரி நிற்கும். முன்பலகை குட்டையாக இருந்தால் உயரமாக ஒன்று வெட்டிப் போடுங்கள். பக்கப் பலகைகள் விரியாமல் பிடிப்பது அதுதான்.

கால்களுக்கு அடியில் பழைய லாரி டயர் ரப்பர் துண்டு வைத்தால் நடுக்கம் சீக்கிரம் அடங்கும். அப்படியும் போகவில்லை என்றால் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். தட்டட்டியில் ஆள் நடந்தால் எந்தப் பீடமும் ஆடும். எங்கள் வீட்டில் பார்க்க வருகிறவர்களைப் பத்தமடைப் பாய் விரித்து உட்கார வைத்துவிடுவது வழக்கம், ஒவ்வொருவராகத்தான் எழுந்து வர வேண்டும்.

கோண அளவு வட்டம் ஒட்டலாமா?

நகரத்து வெளிச்சத்தில் பொருள் தேடுகிறவர்களுக்கு மிகவும் பயன்படும். அடிப்பலகையின் விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 157 சென்டிமீட்டர். அதை 360ஆகப் பிரித்தால் ஒரு பாகைக்கு 4.4 மில்லிமீட்டர் வரும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி. கணினியில் அந்த நீளத்துக்குப் பட்டை வரைந்து ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுத்தால் மழைக்கும் தாங்கும் பட்டை கிடைக்கும். சுழல்பலகையில் ஒரு கம்பியை முள்ளாக வளைத்து ஒட்டுங்கள். மேலும் கீழும் அளக்க, காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானியைக் குழாயில் ஒட்டினால் போதும். போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலி காட்டும் இரண்டு எண்களையும் பொருத்திப் பார்த்தால் பொருள் ஃபைண்டருக்குள் (குழாயின் மேல் இருக்கும் சின்னத் தேடு தொலைநோக்கி) இருக்கும்.

பட்டையைப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் பீடத்தை மட்டமாக வைக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைப் பலகையில் இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் மரச்சில்லு செருகுங்கள். பூஜ்யத்தைச் சரிசெய்ய துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். நம் ஊரில் அது 8.7 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். பிரகாசமான வேறு நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதன் எண்ணுக்கு முள்ளை நகர்த்துங்கள்.

பூமி சுற்றுவதற்கு ஈடுகொடுத்துத் தானாக நகரும் மேடை செய்யலாமா?

வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் 35 முதல் 50 பாகை அகலாங்குக்கு வரைந்தவை. அப்படியே வெட்டினால் இங்கே வேலை செய்யாது. பூமியின் சுழல் அச்சு நம் ஊரில் கிட்டத்தட்ட படுத்துக் கிடப்பதால் மேடையின் வளைவுகளைப் புதிதாக வரைய வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் பலகை உப்பிவிட்டது.

துகள்பலகையின் வெட்டுமுகம் தண்ணீரைக் குடித்துவிடும். உப்பிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. ஐப்பசிக்கு முன்பே எல்லா ஓரங்களிலும், திருகாணி ஓட்டைகளுக்குள்ளும்கூட, வார்னிஷோ எனாமல் பெயின்டோ இரண்டு பூச்சு கொடுங்கள். அடிப்பலகை மட்டும் உப்பியிருந்தால் அதை அளவாக வைத்து 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் புதிதாக வெட்டிக்கொள்வது நல்லது. தரையில் நேராக வைக்காதீர்கள். ஒரு முறை நான் மாடிப்படிக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்து, மூன்று மாதம் கழித்து எடுத்தபோது கரையான் ஒரு காலை முடித்திருந்தது.

திசையன்விளை பக்கம் செம்மணல் தேரியில் வைத்துப் பார்க்கப் போகிறோம். கால் புதையுமே?

புதையும், அதுவும் மூன்றும் ஒரே அளவில் புதையாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சாண் அகலப் பலகைத் துண்டோ ஓடோ வையுங்கள். மணல் தேய்க்கும் என்பதால் திரும்பி வந்ததும் பலகைகளைப் பிரித்துத் துடைத்துவிடுங்கள், டெஃப்லானில் ஒரு மணல் பதிந்தால்கூட மைக்கா போய்விடும்.

தூக்க முடியவில்லை. பைதா வைக்கலாமா?

நிரந்தரமாக வைத்தால் படம் ஆடும். தனியாக ஒரு முக்கோணச் சட்டம் செய்து, மூன்று மூலையிலும் பைதா பொருத்தி, பீடத்தை அதன்மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள். மாடிப்படி ஏறவேண்டியவர்களுக்கு இது உதவாது. அவர்கள் பக்கப் பலகைகள் இரண்டிலும் புவியீர்ப்பு மையத்துக்கு நேரே அலமாரிக் கைப்பிடி பொருத்தி, குழாயைத் தனியே எடுத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியதுதான். கைப்பிடியைத் திருகாணியால் முறுக்காமல், பலகையைத் துளைத்து போல்ட்டும் அகல வாஷரும் போடுங்கள். என்னுடையது பாதிப் படியில் பிய்ந்து வந்தது.